நான்கு வரிச் செய்தி

கொடைக்கானல் மலையில் கிடைக்கும் பிணத்துக்குப் பேப்பரில் நான்கு வரிதான். பெருமாள்மலை அருகே அடையாளம் தெரியாத ஆண் சடலம். வயது சுமார் 35. வனக் காவலர்கள் கொடுத்த தகவலின் பேரில் போலீசார் உடலைக் கைப்பற்றினர். இறந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரணை நடக்கிறது. ஐந்தாவது வரி எழுதினால் டெஸ்கில் இருப்பவர் அடித்துவிடுவார். பக்கத்தில் இடம் கிடையாது, செத்தவனுக்குப் பெயரும் கிடையாது.

இப்படி நான்கு நான்கு வரியாகப் பதினேழு வருடம் எழுதிய பகுதிநேர நிருபர் ஒருவர், 2019-இல் ஒரு கொலை நாவல் எழுத உட்கார்ந்தார். சொந்த ஊர் வத்தலக்குண்டு. மலைக்கு மேலே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. 'பேப்பர்காரர்' என்றால்தான் தெரியும். சம்பளம் கிடையாது. அச்சான செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று மாதக் கடைசியில் பணம் வரும். நான்கு வரிச் செய்திக்கு என்ன கிடைக்கும் என்பதை வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் எழுத நினைத்தது மாத நாவல் வகை இல்லை. அதில் துப்பறிவாளர் வரமாட்டார், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து யாரும் விளக்கம் சொல்லமாட்டார்கள். கொலை கற்பனை, ஊர் நிஜம். அந்தக் கற்பனைக் கொலையை நடந்த கொலை மாதிரி ஒரு பத்திரிகைக்காரன் தேடித் தேடி எழுதியதாக இருக்கவேண்டும்: முதல் தகவல் அறிக்கை, மகஜர், சாட்சிகளின் வாக்குமூலம், டாக்டரின் சான்று, பேப்பர் துணுக்கு, நடுநடுவே அவனுடைய குறிப்புகள். படித்து முடித்தவர், 'இந்தக் கேஸ் எந்த வருஷம் நடந்தது?' என்று கேட்கவேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்குப் பல வருடங்களும் மூன்று பிரதிகளும் ஆயின.

ஆரம்பித்துவைத்தது ஒரு தீர்ப்பு. 2019 மார்ச் 29 அன்று சரவண பவன் நிறுவனர் பி. ராஜகோபாலின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்பு முழுவதையும் போனில் இறக்கி, ஏரிச்சாலை டீக்கடை ஒன்றில் உட்கார்ந்து படித்தார். ஓட்டல் சாம்ராஜ்யம், ஜோசியம், மூன்றாவது கல்யாண ஆசை என்று ஊரே பேசிய கதை அவருக்கும் தெரியும். அவரை நிறுத்திய இடம் வேறு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் தொடங்கிய அந்த வழக்கின் பிணம், அவருடைய மலையில் 'அடையாளம் தெரியாத சடலம்' ஆகத்தான் முதலில் கிடைத்திருக்கிறது. 2001 அக்டோபர் 31. பெருமாள்மலைப் பக்கம் டைகர் சோலை. பார்த்தவர்கள் வனத்துறைக்காரர்கள். கொடைக்கானல் போலீசார் சந்தேக மரணமாகப் பதிவுசெய்தார்கள்; பிரேதப் பரிசோதனை நடந்தது; யாரும் தேடி வராததால் அங்கேயே புதைத்தும்விட்டார்கள். அது, ராஜகோபால் மூன்றாவதாகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் கணவர் பிரின்ஸ் சாந்தகுமார் என்பது பிறகுதான் தெரிந்தது. நாடே பேசப்போகும் வழக்குக்கு மலையில் கிடைத்த முதல் உருவம், அந்த நான்கு வரி.

அவர் நிருபராகச் சேர்ந்தது 2002-இல். ஒரு வருடம் முந்தியிருந்தால் அந்த நான்கு வரியை அவரே எழுதியிருக்கக்கூடும். எழுதியிருந்தாலும் ஐந்தாவது வரிக்கு அவரிடம் ஒன்றும் இருந்திருக்காது. இந்த எண்ணம்தான் அவரை விடவில்லை.

தீர்ப்பில் இன்னொன்றும் உறுத்தியது. இடத்தின் பெயர் ஆங்கிலத்தில் 'டைகர் சோழா' என்று படிக்கும்படி இருந்தது. மலைக்காட்டுக்கு நம் சொல் சோலை. வெள்ளைக்காரன் அதை 'ஷோலா' என்று எழுதிக்கொண்டான். அது ஸ்டேஷன், கோர்ட் என்று கை மாறி 'சோழா' ஆகி, தமிழுக்குத் திரும்பும்போது ராஜராஜ சோழனுக்கும் புலிக்கும் சம்பந்தம் இருப்பதுபோல ஆகிவிட்டது. நிருபர் இதை நோட்டில் குறித்துவைத்தார். ஆவணம் என்பது எழுதியவனின் காதையும் சேர்த்தே பதிவுசெய்கிறது. தன் நாவலின் ஆவணங்களிலும் இப்படி ஒரு பிழையாவது இருக்கவேண்டும் என்று அன்றே முடிவுசெய்தார்.

அப்புறம் அவர் செய்த வேலை, எழுத நினைக்கிற யாரும் செய்யக்கூடியது. தீர்ப்பை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் பென்சிலால், 'இதை யார் சொன்னது?' என்று எழுதினார். பதில் தீர்ப்பிலேயே இருக்கும். இதைச் சொன்னவர் அ.சா. இன்னார், அதாவது இத்தனையாவது அரசு சாட்சி. அதைச் சொன்னவர் டாக்டர். இந்தப் பொருள் இந்த மகஜர்படி கைப்பற்றப்பட்டது. கழுத்து நெரிக்கப்பட்டு மூச்சுத் திணறி இறந்தார் என்பது பிரேதப் பரிசோதனை சொன்னது. கடைசியாக இவர்களோடு உயிரோடு பார்த்தேன் என்பது மனைவி சொன்னது. கொலை நடந்த அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த சுதந்திரமான சாட்சி யாரும் இல்லை. தீர்ப்பு அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பவில்லை. கடைசியாக யாரோடு இருந்தார், அதற்குமுன் யார் கடத்தினார்கள், பிணம் எங்கே கிடந்தது, அதைக் காட்டிக்கொடுத்தது எது என்று சுற்றிலும் கல்லை அடுக்கி, நடுவில் இருக்கும் பள்ளத்தின் வடிவத்தை நமக்குக் காட்டிவிடுகிறது.

'யார் சொன்னது?' என்ற கேள்வியை அவர் தீர்ப்பிலிருந்து கற்கவில்லை. அது அவர் நெஞ்சில் ஏற்கெனவே முள்ளாகக் கிடந்தது.

பல வருடங்களுக்கு முன், இப்போது பசுமைப் பள்ளத்தாக்கு என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் ஓர் இளைஞர் விழுந்து இறந்தார். அந்த இடத்துக்குப் பழைய பெயர் தற்கொலை முனை. சுற்றுலா வளர்ந்ததும் பெயரை மாற்றினார்கள். பள்ளம் அதேதான், மேகம் விலகினால் வைகை அணைப் பக்கம் வரை தெரியும். நிருபர் வழக்கம்போல நான்கு வரி அனுப்பினார். அன்றைக்குப் பக்கத்தில் இடம் இருந்திருக்கிறது. டெஸ்கிலிருந்து போன் வந்தது: 'காரணம் என்னங்க? காதலா, கடனா?' அவருக்குத் தெரியாது. 'காதல் தோல்வின்னு பேசிக்கிறாங்க' என்றார். யாரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் தலைப்பில் 'காதல் தோல்வியா?' என்று வந்தது. கேள்விக்குறி போட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்பது எங்கள் தொழிலின் பழைய நம்பிக்கை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பையனின் அப்பா கீழேயிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் மடித்த துணுக்கு. சண்டை போடவில்லை. டீ வாங்கிக் கொடுத்ததைக் குடிக்கவில்லை. "அய்யா, இதை உங்ககிட்ட யார் சொன்னது? அந்தப் பிள்ளை யாருன்னு சொன்னா நாங்க போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். மகனுக்கு வேண்டிய பெண் ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள், அவளாவது அவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுவாள் என்ற நினைப்பில் வந்திருக்கிறார். நிருபரால் 'யாரும் சொல்லலைங்க' என்று சொல்ல முடியவில்லை. 'ஸ்டேஷன்ல சொன்னாங்க' என்று இன்னொரு பொய் சொன்னார். அந்த அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கக்கூட நிருபருக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

நாவலின் முதல் பிரதி தோற்றதும் இதே இடத்தில்தான்.

முதல் பிரதியில் கொலைக் காட்சி இருந்தது. இரவு, மழை, வண்டி, அவன் கடைசியாக என்ன நினைத்தான், எந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது என்று பதினோரு பக்கம். எழுதும்போது அருமையாகத்தான் இருந்தது. நாவலில் இதையெல்லாம் எழுதுபவன் ஒரு பத்திரிகைக்காரன். அவன் அந்த வண்டியில் இல்லை. அப்படியானால் யார் சொன்னது? பதினோரு பக்கமும் போயின.

இந்தச் சறுக்கலில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. ட்ரூமன் கபோட்டே 1959-இல் கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்ற சிற்றூரில் ஒரு குடும்பத்தில் நான்குபேர் கொல்லப்பட்டதைப் பற்றி வருடக்கணக்கில் விசாரித்து 'இன் கோல்ட் பிளட்' எழுதினார். 1966-இல் புத்தகமாக வந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று மார்தட்டினார். பிற்பாடு பார்த்தால், இடுகாட்டில் துப்பறியும் அதிகாரியும் இறந்த பெண்ணின் தோழியும் சந்திக்கும் அந்தக் கடைசிக் காட்சி நடக்கவே இல்லை. முடிவு அழகாக இருக்கவேண்டுமே என்று சேர்த்தது. கார்சியா மார்க்கேஸ் எதிர்த் திசையில் போனார். 1951-இல் கொலம்பியாவின் சுக்ரே ஊரில் நடந்த ஒரு கொலையை முப்பது வருடம் மனத்தில் போட்டுவைத்திருந்து, 1981-இல் நாவல் என்று சொல்லியே வெளியிட்டார். ஆனால் நடை ஒரு நிருபரின் நடை: இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், அன்று மழை பெய்ததா இல்லையா என்பதில்கூட ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. நிஜம் என்று சொல்லிக் கற்பனை செய்தவரைவிட, கற்பனை என்று சொல்லிச் சாட்சிகளைக் கூட்டியவர்தான் நிருபருக்கு வாத்தியார் ஆனார்.

நம் ஊரிலும் சரக்கு குறைவில்லை. பேப்பர் வீட்டுக்கு வராத காலத்தில் கொலைச் சிந்து இருந்தது. எங்காவது ஒரு கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். 1944-இல் சென்னையில் சி. என். லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்டார்; மற்றவர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டுப் பிழைத்த பத்திரிகைக்காரர் அவர். அந்த வழக்கில் நடிகர்கள் எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை வழக்கு ஏறி, 1947-இல் விடுதலை ஆனார்கள். கொன்றது யார் என்பது இன்றுவரை அந்தரத்தில்தான் நிற்கிறது. 1952-இல் பேனா வியாபாரி ஆளவந்தாரின் தலையில்லா உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயிலேறி மானாமதுரை வரை வந்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச அய்யர் தாமே கதையெழுதுகிறவர். எழுத்தாளரே நீதிபதியாக உட்கார்ந்த வழக்கு என்று அதைத் தனியாக யாராவது எழுதலாம். நாம் மலைக்குத் திரும்பவேண்டும்.

மலை என்பது வெறும் பின்னணி இல்லை. வழக்கின் போக்கையே மாற்றும். இரண்டாவது பிரதிக்கு நிருபர் உண்மையில் உழைத்தது இங்கேதான்.

முதலில் குளிர். கீழே வத்தலக்குண்டில் ஒரு பிணம் இரண்டாம் நாளே ஊரைக் கூட்டிவிடும். ஏழாயிரம் அடிக்குப் பக்கத்தில், அதுவும் ஐப்பசி மழையில், அழுகுவது மெதுவாகும். உடல் விறைப்பு சமவெளியில் ஒன்றரை நாளுக்குள் தளர்ந்துவிடும். குளிரில் அது நீடிக்கும். ஆகவே இறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று டாக்டர் எழுதும் ஒரு வரி, மலைக் கேஸில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வெல்லக்கட்டி. 'டாக்டர் அய்யா, நீங்க சொல்ற கணக்கு மதுரைக்கா, கொடைக்கானலுக்கா?' என்று ஒரு குறுக்கு விசாரணையை நாவலில் எழுதினார். அது அவருக்கே பிடித்த பக்கம்.

அடுத்தது ஸ்வெட்டர். நாவலில் கிடக்கும் பிணத்தின் மேல் அரைக்கைச் சட்டை மட்டும்தான். பூம்பாறைக்காரனோ மன்னவனூர்க்காரனோ அந்த மாதத்தில் சாயங்காலம் ஸ்வெட்டர், மப்ளர் இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டான். வேண்டுமென்று சுற்றுலா வந்தவன்கூட ஏரிக்கரையில் ஒரு குல்லாயாவது வாங்கியிருப்பான். அரைக்கைச் சட்டையோடு கிடக்கிறவன் மலைக்கு வரும் எண்ணத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் இல்லை. இதை நாவலில் எந்த அதிகாரியும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. மகஜரில் உடைகளின் பட்டியல் மட்டும் வருகிறது: வெளிர் நீல அரைக்கைச் சட்டை ஒன்று, பனியன் ஒன்று, பேன்ட் ஒன்று, பெல்ட் இல்லை. மலையில் இருப்பவர் அந்தப் பட்டியலைப் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார். கீழே இருப்பவர் தாண்டிப் போய்விட்டு, அறுபது பக்கம் கழித்துத் திரும்பிவருவார்.

மூன்றாவது பாதை. மலைக்கு ஏற வத்தலக்குண்டு வழி ஒன்று, பழனி வழி ஒன்று. இரண்டும் சேரும் இடம் பெருமாள்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகச் சுற்றியும் வரலாம். வண்டி எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்கியது என்பதுதான் நாவலின் முடிச்சு. ஆகவே கதையைப் பழைய காலத்திலேயே நிறுத்தவேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வண்டிக்கெல்லாம் இ-பாஸ். அந்தத் தேதிக்குப் பிறகு கதை நடந்தால் மூன்றாவது பக்கத்திலேயே வண்டி எண்ணை எடுத்துவிடுவார்கள். அதே வருடம் ஜூலை 1 முதல் சட்டப் பிரிவுகளின் எண்களும் மாறின. கொலைக்கு 302 போய் 103 வந்தது. சந்தேக மரணத்துக்கு 174 போய் 194. 2003-இல் நடக்கும் கதையில் 302-தான் வரவேண்டும். இதிலெல்லாம் தவறினால் நாவல் அங்கேயே பல்லிளித்துவிடும்.

போலீஸ் தமிழ் இன்னொரு படிப்பு. ஸ்டேஷன் ரைட்டர்கள் எழுதும் தமிழை நாம் கேலிசெய்கிறோம்; அதற்கு ஓர் இலக்கணம் உண்டு. 'நான் நிலைய அலுவலில் இருந்தபோது மேற்படி வனக் காவலர் காலை 11.30 மணிக்கு நிலையம் ஆஜராகிக் கொடுத்த எழுத்துமூலமான புகாரைப் பெற்று' என்று ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி பத்து வரி தாண்டித்தான் வரும். அதில் உணர்ச்சி இருக்காது, பெயரடை இருக்காது. 'கோரமான', 'பரிதாபமாக' எல்லாம் பேப்பர்காரனின் சொத்து. ஒரே பிணத்தை முதலில் போலீஸ் தமிழிலும், பிறகு பேப்பர் தமிழிலும், பிறகு அம்மாவின் வாயிலும் எழுதிப் பார்த்தார் நிருபர். மூன்றும் மூன்று பிணமாக இருந்தன.

இதையெல்லாம் திருத்திக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு ஏட்டு. பண்ணைக்காட்டுப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வைத்துக்கொண்டு மிளகுக் கொடியோடு பேசிக்கொண்டிருப்பவர். இரண்டாவது பிரதியைப் படிக்கக் கொடுத்தபோது நான்காம் நாளே போன் பண்ணினார்.

"தம்பி, போலீஸ் விசாரிச்ச சாட்சிக்கிட்ட கையெழுத்து வாங்கிருக்கியே."

"ஆமாண்ணே. வாக்குமூலம்னா கையெழுத்து வேணும்ல?"

"161-ல நாம எழுதுற ஸ்டேட்மெண்டுல கையெழுத்து வாங்கவே கூடாதுப்பா. மாஜிஸ்திரேட்டுகிட்டக் குடுக்குறதுக்குத்தான் கையெழுத்து. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் எங்க டீயைக் குடிச்சே?"

கையெழுத்து இல்லாததால்தான் அந்தச் சாட்சி கோர்ட்டில் ஏறி, 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று பிறழ முடிகிறது. நிருபருக்கு அது வெறும் திருத்தமாகப் படவில்லை. நாவலின் இரண்டாம் பாதியே அங்கிருந்து கிடைத்தது. முதல் பாதியில் ஒரு டீக்கடைக்காரர் சொல்வதை வாசகர் நம்புவார். இருநூறாம் பக்கத்தில் அவரே கூண்டில் ஏறி இல்லையென்பார். எது பொய்? அப்போதா, இப்போதா? நாவலின் பத்திரிகைக்காரனுக்கும் தெரியாது.

பிணத்துக்குப் பெயர் கிடைக்கும் அத்தியாயத்துக்கு மண்டை ஓட்டு மேற்பொருத்தலை எடுத்துக்கொண்டார். சாந்தகுமார் வழக்கில் புதைத்த உடலைத் தோண்டியெடுத்து அடையாளம் காண உதவிய முறை அது. 1996-இல் கொல்லப்பட்ட மருத்துவ மாணவர் நாவரசு வழக்கிலும் பயன்பட்டது. உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோவை மண்டை ஓட்டின் அளவுக்குப் பெரிதாக்குவார்கள். ஓட்டை அதே கோணத்தில் திருப்பி நிறுத்துவார்கள். கேமரா வழியே ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடுவார்கள். கண்குழி கண்ணோடு பொருந்துகிறதா, மூக்கின் அடி, பல்வரிசை, தாடை எலும்பு. போட்டோவில் பல் தெரிய அவர் சிரித்திருந்தால் நிபுணருக்கு வேலை சுலபம். நாவலில் அந்தத் தாய் கொண்டுவரும் போட்டோக்களில் எல்லாம் மகன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். கல்யாண ஆல்பத்தில் ஒன்றில் மட்டும் சிரிக்கிறான், அதுவும் யாரோ வெளியே நின்று கேலிசெய்ததால். நிருபர் பதினோரு பக்கக் கொலைக் காட்சியைக் கிழித்தெறிந்த பிறகு எழுதியது இந்த ஒன்றரைப் பக்கம். 'யார் சொன்னது?' என்றால் பதில் உண்டு. ஆல்பம் சொன்னது, அம்மா சொன்னாள்.

கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது. பெயர்.

உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகளுக்கு ஏறக்குறைய ஒரே பெயர். 2019-இன் வழக்கு பி. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. 1994-இன் வழக்கு ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. இந்த ராஜகோபால், நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் கோபால். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை வெளியிடவிடாமல் தடுக்கப் பார்த்தபோது அவர் போட்ட வழக்கு. கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை வெளியிட யார் அனுமதியும் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. குற்றச் செய்தி எழுதும் எல்லோரும் அன்று முதல் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் குறைவு. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றத்துக்கு ஆளான பெண்ணின் பெயரை ஊடகத்தில் போட்டு அவரை மேலும் அவமதிக்கக்கூடாது.

ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு புத்தகத்தில் இருக்கிறது. ஆறே வருடத்தில் கணவனோடு சேர்த்துக் கடத்தப்பட்ட ஒரு பெண்ணின் பெயரைத் தமிழ்நாட்டுப் பேப்பர்கள் எல்லாம் எட்டுப் பத்தித் தலைப்பில் போட்டன. வழக்கே அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கொலை செய்யச் சொன்னவரின் பெயர் ஓட்டல் பலகையில் இல்லை, கொலையானவரின் பெயர் பாதிப்பேருக்கு ஞாபகம் இல்லை, அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவர் பயப்படாமல் சாட்சி சொன்னவர், தாமே வெளியே வந்து பேசியவர் என்பது உண்மை. அதற்காக நாம் போட்ட தலைப்புகள் எல்லாம் நியாயமாகிவிடாது. இந்தக் கட்டுரையும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

நாவலில் அவரைப் போல ஒரு பாத்திரம் இல்லை. நிஜ வழக்கிலிருந்து எந்த மனிதரையும் எடுக்கக்கூடாது என்பதில் நிருபர் பிடிவாதமாக இருந்தார். எடுத்துக்கொண்டது இரண்டே: மலையும், நான்கு வரியும். ஆனால் கடத்தப்பட்ட பெண் ஒருத்தி நாவலில் வருகிறாள். அவளுக்கு 312 பக்கத்திலும் பெயர் கிடையாது. ஆவணங்களில் அவள் வெறும் அ.சா. 1. அவள் பேசும் இடங்களில் மட்டும் எழுத்தின் நடை மாறும். நிஜ வழக்கில் பி. ராஜகோபாலுக்குச் செஷன்ஸ் கோர்ட் 2004-இல் பத்து வருடம் கொடுத்தது, உயர் நீதிமன்றம் 2009-இல் ஆயுளாக்கியது, உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தபின் 2019 ஜூலை 9 அன்று ஆம்புலன்சில் வந்து சரணடைந்து, 18-ஆம் தேதி இறந்துபோனார். பதினெட்டு வருடம் ஓடிய வழக்குக்குச் சிறைக் கணக்கு இப்படி முடிந்தது. நாவலின் அ.சா. 1-க்கு நிருபர் இவ்வளவு பெரிய முடிவு எதையும் கொடுக்கவில்லை. சம்மன் வந்த நாளில் அவள் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்பதோடு நாவல் நின்றுவிடுகிறது.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பண்ணைக்காட்டுக்குப் போனார். ஏட்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாவலை விட்டுவிட்டு, பின்னால் கொடுத்திருந்த முதல் தகவல் அறிக்கையின் மாதிரியை மட்டும் விரல் வைத்துப் படித்தார். குற்ற எண் சரி. பிரிவு சரி. 'டைகர் சோழா' என்ற பிழைகூடப் பிடித்திருந்தது, சிரித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிருக்கே தம்பி. ஆனா எப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டு கைக்கு எத்தனை மணிக்குப் போச்சுன்னு போடலையே. யாரு கொண்டுபோனது, எப்பக் குடுத்தது, ஒண்ணையும் காணோம். வக்கீல் இதை வெச்சே கேஸை உடைச்சிருவான்."

இரண்டாம் பதிப்பில் அந்த வரி சேர்க்கப்பட்டிருக்கிறது: இரவு 9.40 மணி, முதல்நிலைக் காவலர் மூலம், பனிமூட்டம் காரணமாகத் தாமதம்.